திகதியைத் திகதியாகவே வைத்திருங்கள்: தரவுத்தள வினவல் பழகுவோருக்கு

தோட்ட ஆபிஸில் செக்ரோல் என்கிற வேலைநாள், சம்பளப் பதிவேட்டுக் கணக்கைக் கணினிக்கு ஏற்றுபவர், பால் சேகரிப்பு நிலையத்துக்குச் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதுபவர், ஹட்டன் டவுனில் கடையொன்றின் ஸ்டொக் பார்ப்பவர், யாராக இருந்தாலும் தரவுத்தளத்தில் முதலில் கை வழுக்கும் இடம் திகதிதான். கிலோ பிழைத்தால் அன்றைக்கே யாராவது வந்து கேட்பார்கள். திகதி பிழைத்தால் அறிக்கை அழகாகவே அச்சாகி வரும். சம்பள நாளில்தான் ஒருவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, குறைந்திருப்பது தெரியும்.

பழக வேண்டியது ஒரே பழக்கம். வெளியிலிருந்து வரும் எழுத்தை வாசலிலேயே திகதியாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும்வரை திகதியாகவே ஒப்பிடுங்கள், வரிசைப்படுத்துங்கள், கூட்டுங்கள். தாளுக்கோ திரைக்கோ போகும் கடைசிப் படியில் மட்டும் நாள், மாதம், ஆண்டு என்று எழுத்தாக்குங்கள். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையை மாற்றிச் செய்வதால் வருபவை.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை அடிப்படையாக வைத்துச் சொல்கிறோம். இலவசமாகக் கிடைக்கிறது, வகுப்புகளிலும் அதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அட்டவணைப் பெயரையும் நிரல் பெயரையும் மைஎஸ்கியூஎல் தமிழிலேயே ஏற்றுக்கொள்ளும். ஆகவே எடுத்துக்காட்டு அட்டவணைக்கு 'நிறுவை' என்று பெயர். அதில் ஆள்_எண், நேரம், கிலோ என்று மூன்று நிரல்கள்.

முதல் படி: நிரலின் வகை

திகதியை 'வார்ச்சார்' என்கிற எழுத்து வகை நிரலில் போடாதீர்கள். எழுத்தாகப் போட்டால் '02-01-2024' என்பது '15-12-2023' என்பதற்கு முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் கணினி இடமிருந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. பெப்ரவரி 30 என்று ஒருவர் தட்டினாலும் எதிர்ப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

நாள் மட்டும் போதுமென்றால் 'டேட்'. பிறந்த நாள், வேலைக்குச் சேர்ந்த நாள், லீவு நாள் எல்லாம் இதில். நேரமும் வேண்டுமென்றால் 'டேட்டைம்'. கொழுந்து காலையிலும் பகலிலும் மாலையிலுமாக நிறுக்கப்படுவதால் நிறுவைக்கு இதுதான் பொருத்தம். 'டைம்ஸ்டாம்ப்' என்ற மூன்றாவது வகை 2038 ஜனவரி 19ஆம் திகதியோடு முடிந்துவிடுகிறது, இலங்கை நேரப்படி அன்று காலை 8.44க்கு. இன்றைக்கு 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெறும் நாளை அதில் எழுத முடியாது. பதிவு எப்போது நுழைந்தது என்று தானாகக் குறிப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உள்ளே கொண்டு வருதல்

நம் ஊரில் கொப்பியில் 03/04/2024 என்று எழுதினால் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கத்தில் அது மார்ச் 4. மைஎஸ்கியூஎல்லோ ஆண்டுதான் முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறது: 2024-04-03. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமம் 1988இல் வகுத்த வடிவமும் இதுதான். பெரிய அலகு முன்னால் நிற்பதால் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை குலையாது.

ஆகவே கொப்பியிலிருந்து தட்டிய கோப்பை நேரே உண்மையான அட்டவணைக்குள் தள்ள வேண்டாம். முதலில் எல்லா நிரலும் எழுத்தாக உள்ள தற்காலிக அட்டவணை ஒன்றில் ஏற்றுங்கள். பிறகு எஸ்டிஆர்_டு_டேட் என்ற சார்பால் மாற்றிப் பாருங்கள். அதற்கு இரண்டு உள்ளீடு: எழுத்து, அந்த எழுத்து எந்த ஒழுங்கில் இருக்கிறது என்ற குறிப்பு. நம் ஒழுங்குக்குக் குறிப்பு இப்படி அமையும்: சதவீதக் குறியும் சின்ன டியும், சாய்கோடு, சதவீதக் குறியும் சின்ன எம்மும், சாய்கோடு, சதவீதக் குறியும் பெரிய ஒய்யும்.

இதில் டியையும் எம்மையும் இடம் மாற்றிவிட்டால் என்ன நடக்கும் என்று கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. மே மாதத்து நிறுவைக் கொப்பி, நாளுக்கு ஒரு வரி, மொத்தம் 31 வரி என்று வையுங்கள். 01/05/2024 ஜனவரி 5 ஆகிறது. 02/05/2024 பெப்ரவரி 5 ஆகிறது. இப்படியே 12/05/2024 டிசம்பர் 5 வரை போகிறது. 13ஆம் திகதி வந்ததும் 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 'நல்' என்கிற வெற்று மதிப்பு வரும். 31 வரை 19 வரியும் வெற்று. நடுவில் 05/05/2024 மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மே 5 ஆகவே இருந்து, எல்லாம் சரி என்று நம்ப வைக்கும். எனவே 1 முதல் 12 வரையான நாட்களை வைத்து மட்டும் ஒருபோதும் சோதிக்காதீர்கள். ஏற்றியதும் இரண்டு வினவலை ஓட்டுங்கள். மாதவாரியாக எத்தனை பதிவு என்று எண்ணுவது ஒன்று. கர்டேட் தரும் இன்றைய நாளைவிடப் பிந்திய திகதி இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. மே கொப்பியை ஏற்றியபின் டிசம்பரில் ஒரு பதிவு தெரிந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கோப்பு எக்செல் வழியாக வந்திருந்தால், கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும்போது இதே இடமாற்றத்தை எக்செல் நமக்கு முன்பே செய்து வைத்திருக்கும். கண்ணால் பிடிக்க ஒரு வழி உண்டு. எக்செல் திகதியாக எடுத்தவை கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக விட்டவை இடது பக்கம் நிற்கும். ஒரே நிரலில் சில வலம், சில இடம் என்றால் 12க்கு மேற்பட்ட நாட்கள் மாறாமல் தப்பியிருக்கின்றன, மற்றவை திரும்பிவிட்டன. அந்தக் கோப்பைத் திருத்திக்கொண்டிராமல், பிராந்திய அமைப்பை மாற்றிவிட்டு மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

திகதிக்குப் பதில் 45292 போன்ற எண் வந்தால் பயப்பட வேண்டாம். அது எக்செல்லின் நாள் எண். 45292 என்பது 2024 ஜனவரி 1. 1899-12-30 என்ற திகதியோடு அத்தனை நாட்களைக் கூட்டினால் சரியான திகதி கிடைக்கும். 1899 டிசம்பர் 31இல் தொடங்காமல் ஒரு நாள் முன்னே தொடங்குவதற்குக் காரணம், வராத 1900 பெப்ரவரி 29ஐயும் எக்செல் ஒரு நாளாக எண்ணுவதுதான்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தால், மைஎஸ்கியூஎல் 70 முதல் 99 வரை 1900களிலும் 00 முதல் 69 வரை 2000களிலும் வைக்கும். 1958இல் பிறந்த பென்ஷன்காரர் 2058இல் பிறக்கப் போகிறவராகிவிடுவார். பிறந்த நாள் நிரலில் இன்றைக்குப் பிந்திய திகதி எது வந்தாலும் 100 ஆண்டைக் கழியுங்கள்.

மூன்றாம் படி: தேடுதல்

மே மாத நிறுவை வேண்டும். புதியவர் கை முதலில் போவது டேட்_போர்மட் பக்கம்: நேரத்தை '2024-05' என்ற எழுத்தாக்கி, அதோடு ஒப்பிடுவது. விடை சரியாகவே வரும். ஆனால் ஒவ்வொரு நிரையையும் எடுத்து எழுத்தாக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால், நேரம் நிரலில் விரைவாகத் தேட நீங்கள் போட்டுவைத்த இன்டெக்ஸ் பயன்படாது. நூறு நிரையில் இது தெரியாது. பத்து வருடச் செக்ரோலில் திரை அசையாமல் நிற்கும்போது தெரியும்.

இப்படி எழுதுங்கள்:

செலெக்ட் ஆள்_எண், சம்(கிலோ)
ஃப்ரம் நிறுவை
வேர் நேரம் >= '2024-05-01' அண்ட் நேரம் < '2024-06-01'
க்ரூப் பை ஆள்_எண்

தொடக்க நாள் சேரும். அடுத்த மாதத்தின் முதல் நாள் சேராது. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பெப்ரவரிக்கு 29 உண்டா என்ற கேள்வியே எழாது.

'பிட்வீன்' போட்டு 2024-05-01 முதல் 2024-05-31 வரை என்று எழுதுவது வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் டேட்டைம் நிரலில் பொய் சொல்லும். 2024-05-31 என்றால் கணினிக்கு அது 31ஆம் திகதி நள்ளிரவு 00:00:00. அன்று காலையில் நிறுத்த கொழுந்து அதற்குப் பிந்தியது. ஆகவே மாதத்தின் கடைசி நாள் முழுதும் விடுபடும். ஒவ்வொரு மாதமும் விடுபடுவதால், ஒருவரும் கணக்குப் பார்க்காவிட்டால் அதுவே பழகியும் போய்விடும். தொழிலாளியின் கையில் வர வேண்டிய கூலி இது. இந்த ஒரு இடத்தில் மட்டுமாவது யார் எழுதிய வினவலையும் இரண்டாம் முறை வாசியுங்கள்.

நான்காம் படி: வெளியே எழுதுதல்

இப்போதுதான் டேட்_போர்மட்டுக்கு வேலை. சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் அன்றாடம் வேண்டியவை:

சின்ன டி: நாள், இரண்டு இலக்கம் (05)
சின்ன ஈ: நாள், முன்னால் பூச்சியம் இல்லாமல் (5)
சின்ன எம்: மாத எண் (05)
பெரிய எம்: மாதத்தின் முழுப் பெயர்
பெரிய ஒய்: ஆண்டு, நான்கு இலக்கம், சின்ன ஒய் என்றால் இரண்டு
பெரிய எச்: 24 மணி முறையில் மணி
சின்ன ஐ: நிமிடம்
சின்ன எஸ்: விநாடி
பெரிய டபிள்யூ: கிழமை

நிமிடத்துக்குச் சின்ன ஐ என்பதை இரண்டு தடவை வாசித்துக்கொள்ளுங்கள். நிமிடம் என்று நினைத்துச் சின்ன எம் போட்டால் மே மாதத்தில் தோட்டத்திலுள்ள அத்தனை பேரும் காலை 9:05க்கோ பகல் 12:05க்கோ மாலை 4:05க்கோதான் கொழுந்து நிறுத்திருப்பார்கள். ஜூன் பிறந்ததும் எல்லாரும் ஒரே மனதாக 9:06க்கு மாறுவார்கள். செய்நிரலாளர்கள் மத்தியில் இது பழைய சிரிப்பு. ஒராக்கிள் தரவுத்தளத்திலும் இதே கதைதான்: அங்கே 'எம்எம்' மாதம், 'எம்ஐ' நிமிடம். எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்குப் போனால் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். மைஎஸ்கியூஎல்லில் பழகிய கை பெரிய எம் போட்டு 'மே' என்று எதிர்பார்த்தால் அங்கே 42 என்று வரும்.

மாதப் பெயர் வழக்கமாக ஆங்கிலத்தில் வரும். எல்சி_டைம்_நேம்ஸ் என்ற அமைப்பில் தமிழைத் தெரிவுசெய்யலாம், ஆனால் அங்கே இருப்பது இந்தியத் தமிழ் மட்டும். ஆகஸ்ட், அக்டோபர் என்று வரும். நம் சம்பளச் சீட்டில் ஓகஸ்ட், ஒக்டோபர் என்றுதான் இருக்க வேண்டும். ஈஎல்டி என்ற சார்பு இதற்குக் கைகொடுக்கும். முதலில் மந்த்(நேரம்), பிறகு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு பெயரையும் நம் எழுத்தில் வரிசையாகக் கொடுத்தால், மாத எண்ணுக்குரிய பெயரை எடுத்துத் தரும். பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் பிழை திகதியில் இல்லை. இணைப்பின் எழுத்துக் குறியீட்டு முறையை யுடிஎப்8எம்பி4 ஆக்குங்கள்.

எழுத்தாக்கிய திகதியால் வரிசைப்படுத்தக்கூடாது என்று தெரிந்தவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. டேட்_போர்மட்(நேரம், ...) அஸ் நேரம் என்று, வெளியீட்டுக்கும் பழைய நிரலின் பெயரையே சூட்டிவிடுகிறோம். கீழே வரிசைப்படுத்த ஓடர் பை நேரம் என்று எழுதியிருக்கிறோம். மைஎஸ்கியூஎல் அங்கே வெளியீட்டுப் பெயரைத்தான் எடுக்கும், அதாவது எழுத்தை. எல்லா மாதத்து 1ஆம் திகதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். வெளியீட்டுக்கு 'நாள்_எழுத்து' என்று வேறு பெயர் வையுங்கள், தீர்ந்தது.

மாதவாரிக் கூட்டலில் மாதப் பெயரை மட்டும் வைத்துக் குழுவாக்கினால் 2023 மேயும் 2024 மேயும் ஒரே வரியில் கலந்துவிடும். ஆண்டையும் மாத எண்ணையும் வைத்துக் குழுவாக்கி, பெயரைக் காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அடையாள அட்டையிலிருந்து பிறந்த நாள்

இது இலங்கையில் மட்டும் வரும் வேலை, ஆளணிப் பதிவு செய்யும் எல்லோருக்கும் வரும். 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய எண்ணில் ஆண்டு இரண்டு இலக்கம், முன்னால் 19 சேர்க்க வேண்டும். அடுத்த மூன்று இலக்கம் அதே முறை.

எண் 1985574 என்று தொடங்கினால்: ஆண்டு 1985, நாளெண் 574, ஆகவே பெண், 500 போக 74. 500ஆல் வகுத்த மீதியை எடுக்க மொட்(நாளெண், 500) என்று எழுதினால் ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே சூத்திரம் போதும். இப்போது ஆண்டையும் நாளெண்ணையும் திகதியாக்கும் மேக்டேட் சார்பிடம் மேக்டேட்(1985, 74) என்று கேட்டால் மைஎஸ்கியூஎல் மார்ச் 15 என்கிறது. அந்த அம்மாவிடம் கேட்டால் மார்ச் 14 என்பார். அவர் சொல்வதுதான் சரி. அட்டை எண்ணில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாளாகவே எண்ணப்படுகிறது. மேக்டேட் உண்மையான நாட்காட்டியைப் பார்க்கிறது. லீப் வருடத்தில் பிறந்தவர்களுக்குச் சரியாக வந்து, மற்ற ஆண்டுகளில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் கூடும்.

வழி: நாளெண்ணை லீப் வருடமான 2000இல் வைத்து நாளையும் மாதத்தையும் எடுங்கள். அதாவது மேக்டேட்(2000, 74) தரும் திகதியிலிருந்து சின்ன எம், சின்ன டி இரண்டையும் டேட்_போர்மட்டால் பிரித்து, முன்னால் 1985- என்று கொன்கட் சார்பால் ஒட்டி, மறுபடி எஸ்டிஆர்_டு_டேட்டால் திகதியாக்குங்கள். 1985-03-14 வரும். லீப் அல்லாத ஆண்டில் நாளெண் 60 வந்தால் பெப்ரவரி 29 என்று அமையும், அது அந்த ஆண்டில் இல்லாத நாள். எண்ணைத் தட்டும்போது பிழை விட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். அட்டையை மறுபடி வாங்கிப் பாருங்கள்.

வேறு தரவுத்தளத்தில் வேலை கிடைத்தால்

போஸ்ட்கிரெஸ்ஸில் டு_சார். மாதப் பெயரை ஒன்பது எழுத்து அகலத்துக்கு இடைவெளி விட்டு நிரப்பித் தரும். முன்னால் 'எப்எம்' சேர்த்தால் இடைவெளி போய்விடும். எஸ்கியூஎல் சேர்வரில் கன்வேர்ட் சார்புக்கு எண் கொடுக்க வேண்டும்: 103 என்றால் நாள்/மாதம்/ஆண்டு, 101 என்றால் அமெரிக்க முறை, 112 என்றால் இடையில் கோடில்லாத 20240504. அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. மொழி அமைப்பு பிரித்தானிய முறையில் இருந்தால் பழைய டேட்டைம் வகை '2024-05-04' என்பதை ஏப்ரல் 5 என்று படிக்கும். கோடில்லாத '20240504' எந்த அமைப்பிலும் மே 4தான், ஆகவே அங்கே அதையே எழுதுங்கள். அக்சஸில் திகதியை இரண்டு # குறிக்கு நடுவே அமெரிக்க ஒழுங்கில் தர வேண்டும்.

ஐந்தரை மணி நேர வித்தியாசம்

சேர்வர் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்ததென்றால் பெரும்பாலும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடும். இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். விடிகாலை 5.30க்கு முன் நடப்பதெல்லாம் யுடிசியில் முந்திய நாள் கணக்கு. ஜூன் 1ஆம் திகதி காலை 5.10க்கு அளந்த பால் அங்கே மே 31 இரவு 11.40. பால்காரரின் மாதக் கணக்கே மாறிப்போகும்.

காட்டும்போது கன்வேர்ட்_டிஇசட்(நேரம், '+00:00', '+05:30'). தேடும்போது நிரலை மாற்றாமல் எல்லைகளை மாற்றுங்கள்: இலங்கையின் மே மாதம் என்பது யுடிசியில் '2024-04-30 18:30:00' முதல் '2024-05-31 18:30:00'க்கு முன் வரை.

பழைய பதிவுகளுக்கு 5.30 போதாது. 1996 மே 25இல் இலங்கை கடிகாரத்தை 6.30க்கு மாற்றியது, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் 6.00க்கு, 2006 ஏப்ரல் 15இல் மறுபடி 5.30க்கு. அந்தக் காலத்துக்கு எண்ணைக் கொடுக்காமல் 'ஏஷியா/கொழும்பு' என்ற வலயப் பெயரைக் கொடுத்தால் மாற்றங்களை அதுவே கணக்கில் எடுக்கும். அதற்கு நேர வலய அட்டவணைகளை மைஎஸ்கியூஎல்லில் முதலே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை வெற்று மதிப்பாக வரும்.

ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் மட்டும் விழும் பெக்கப்

செய்நிரலாளர்களின் பழைய விடுகதை: ஒக்டோபர் 31ம் டிசம்பர் 25ம் ஏன் ஒன்று? ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஒக்ட்' என்பது எட்டு எட்டாக எண்ணும் எட்டடி எண்ணையும் குறிக்கும், 'டெக்' பத்தடி எண்ணையும் குறிக்கும். எட்டடியில் 31 என்றால் மூன்று எட்டும் ஒன்றும், பத்தடியில் 25.

இதே எட்டடி லினக்ஸ் பெக்கப் ஸ்கிரிப்டுக்குள்ளும் இருக்கிறது. மாத எண்ணை இரண்டு இலக்கமாக எடுத்து பேஷ் என்கிற ஸ்கிரிப்ட் மொழியில் கணக்குப் போட்டால், பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை அது எட்டடி என்று எடுக்கும். 01 முதல் 07 வரை வேறுபாடு தெரியாது. 08, 09 எட்டடியில் இல்லாத எண்கள். ஸ்கிரிப்ட் பிழையோடு நிற்கும். ஒக்டோபர் பிறந்ததும் தானாகச் சரியாகிவிடும், அதனால் ஒருவரும் காரணம் தேடமாட்டார்கள். மாத எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்தால் பத்தடியாகவே படிக்கும். நாள் எண்ணிலும் 8ஆம், 9ஆம் திகதிகளில் இதே பிழை வரும். அங்கேயும் 10# சேருங்கள்.